புல்வெளி எறியீட்டி

புல்வெளி எறியீட்டி அல்லது லான் டார்ட் என்பது வீட்டுப் புல்வெளியில் எறிந்து விளையாடுவதற்காக 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவலாக விற்கப்பட்ட ஒரு விளையாட்டுப் பொருள் ஆகும். ஒரு முனையில் கனமான உலோகத் தண்டும் மறுமுனையில் நெகிழிச் சிறகுகளும் கொண்ட இது, தரையில் கிடத்தப்பட்ட வளையத்துக்குள் விழுமாறு எறியப்பட்டது. சிறுவர்களின் மண்டையோட்டைத் துளைத்து இறப்பையும் நிலையான ஊனத்தையும் விளைவித்ததால், 1988 டிசம்பர் 19 முதல் ஐக்கிய அமெரிக்காவில் இதன் விற்பனை முழுமையாகத் தடை செய்யப்பட்டது. 1989இல் கனடாவும் தடை விதித்தது.

எறியீட்டி ஆபத்தானது என்பது 1988இல் திடீரெனக் கண்டறியப்பட்ட செய்தி அன்று. 1970இலேயே அமெரிக்க அரசு இதனை அறிந்திருந்தது. பெட்டியின் மீது எச்சரிக்கை வாசகம் அச்சிடப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடன் அடுத்த 18 ஆண்டுகள் இது சட்டப்படி விற்கப்பட்டது. ஒரு பொருளின் வடிவமைப்பிலேயே உள்ள குறையை எச்சரிக்கை வாசகத்தால் ஈடுசெய்ய இயலுமா என்ற கேள்விக்கு இதன் வரலாறு ஒரு தெளிவான எடுத்துக்காட்டாக அமைகிறது.

பெயர்

ஆங்கிலத்தில் லான் டார்ட்ஸ் என்பது பொதுப்பெயர். ஜார்ட்ஸ் என்ற வணிகப் பெயரும் பொதுப்பெயர் போலவே வழங்கியது. சுவரில் மாட்டிய பலகையை நோக்கி எறியப்படும் சிறிய டார்ட் விளையாட்டும் இதுவும் வேறுவேறானவை. பலகை டார்ட்டின் எடை சில பத்து கிராம்களே; எறியீட்டி அதனைப் போலப் பல மடங்கு எடை கொண்டது. எஃப்-16 போர் விமானத்திற்கு, அதன் தொடக்க கால விபத்துகளின் காரணமாக, லான் டார்ட் என்ற பட்டப்பெயர் விமானிகளிடையே ஏற்பட்டதுண்டு. மூக்கு முன்னே வர நேராகத் தரையில் குத்தும் பொருள் என்றால் அமெரிக்கர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது எது என்பதை இப்பெயர் காட்டுகிறது.

அமைப்பும் விளையாட்டு முறையும்

எறியீட்டியின் நீளம் ஏறத்தாழ 30 செ.மீ. ஆகும். அதன் முன்பகுதியில் உலோகத்தால் ஆன, அல்லது உலோக எடை பொதிந்த, நீண்ட முனை இருக்கும். நடுவில் ஒரு தண்டும், பின்பகுதியில் பெரும்பாலும் மூன்று நெகிழிச் சிறகுகளும் அமைந்திருக்கும். ஒரு தொகுப்பில் வழக்கமாக இரு நிறங்களில் நான்கு ஈட்டிகளும், இரண்டு நெகிழி வளையங்களும் இருந்தன.

வளையங்கள் ஏறத்தாழ 10 மீட்டர் இடைவெளியில் எதிரெதிராகத் தரையில் வைக்கப்படும். ஆட்டக்காரர் ஒரு வளையத்தின் அருகே நின்று, கையைக் கீழிருந்து மேலாக வீசி, எதிர் வளையத்துக்குள் ஈட்டி குத்தி நிற்குமாறு எறிவார். வளையத்துக்குள் விழுந்தால் கூடுதல் புள்ளி, வளையத்துக்கு மிக அருகில் விழுந்தால் குறைந்த புள்ளி என்பது பொதுவான கணக்கு. கம்பத்தை நோக்கிக் குதிரை இலாடத்தை எறியும் பழைய விளையாட்டின் மாற்று வடிவம் என்றே இதனைக் கொள்ளலாம். கற்பதற்கு எளிது, விலையும் குறைவு. கோடைக்காலக் குடும்ப ஒன்றுகூடல்களில், ஒரு கையில் குளிர்பானத்தை வைத்துக்கொண்டே பெரியவர்கள் ஆடக்கூடிய ஆட்டமாக இருந்தது. அத்தகைய ஒன்றுகூடல்களில் குழந்தைகளும் அதே புல்வெளியில் ஓடிக்கொண்டிருப்பர்.

பண்டைய ஒப்புமை

உரோமப் பேரரசின் பிற்காலப் படையினர் பிளம்பாட்டா என்ற எறிபடையைப் பயன்படுத்தினர். இரும்பு முனை, அதன் பின்னே ஈயக் குண்டு, மரத்தண்டு, இறுதியில் இறகுகள் என்பது அதன் அமைப்பு. படைக்கலை பற்றி எழுதிய வெகெட்டியஸ், வீரர்கள் தம் கேடயத்தின் உட்புறத்தில் இவற்றுள் ஐந்தைப் பொருத்திக்கொண்டு சென்றதைக் குறிப்பிடுகிறார். எறியீட்டி பிளம்பாட்டாவிலிருந்து நேரடியாகத் தோன்றியது என்று கூற முடியாது. எனினும் இரண்டின் வடிவமும் ஒரே பொறியியல் விடையாகும். எறியப்பட்ட பொருள் எப்படி வீசப்பட்டாலும் முனை முன்னே வருமாறு தரையிறங்க வேண்டும் என்றால், எடையை முன்னாலும் சிறகைப் பின்னாலும் வைக்க வேண்டும். எதிரிப் படையின் தலைக்கு மேலிருந்து விழ வேண்டிய ஆயுதத்திற்கு இந்த விடை பொருந்தும்.

வடிவமைப்புக் குறை

எறியீட்டியின் முனை கத்தியைப் போலக் கூரானது அன்று. பெரும்பாலானவற்றில் அது மழுங்கியோ உருண்டோ இருந்தது. விரலால் தொட்டுப் பார்க்கும் ஒருவருக்கு அது குத்தும் பொருளாகவே தோன்றாது. பெற்றோர் பலரும் இதனைக் குழந்தைகளின் கையில் கொடுக்கத் தயங்காததற்கு இதுவே காரணம் எனலாம். ஆபத்து முனையின் கூர்மையில் இல்லை; எடை, வேகம், தொடுபரப்பு ஆகிய மூன்றும் சேரும் விதத்தில் உள்ளது.

இதனை எளிய கணக்கால் காணலாம். 10 மீட்டர் தொலைவிலுள்ள வளையத்தை நோக்கி எறியப்படும் ஈட்டி, 4.5 மீட்டர் உயரம் வரை எழுந்து இறங்குவதாகக் கொள்வோம். காற்றின் தடையைப் புறக்கணித்தால், தரையை அடையும்போது அதன் வேகம் நொடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 39 கி.மீ. ஆகும். ஈட்டியின் எடை கால் கிலோ எனக் கொண்டால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 14 ஜூல்.

14 ஜூல் என்பது தன்னளவில் பெரிய ஆற்றல் அன்று. 160 கிராம் எடையுள்ள துடுப்பாட்டப் பந்து ஒன்று மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் வந்தாலே அதே ஆற்றலைப் பெற்றிருக்கும். சுழற்பந்து வீச்சாளர்கள் இதைவிட விரைவாகவே வீசுகின்றனர். ஆனால் பந்து தலையில் பட்டால் அதன் விசை அகன்ற பரப்பில் பரவுகிறது, பந்தும் தெறித்து விலகுகிறது. எறியீட்டியிலோ அதே ஆற்றல் முழுவதும் முனையின் வழியாகவே செல்ல வேண்டும். முனையின் விட்டம் 6 மி.மீ. எனில் பரப்பு 28 சதுர மி.மீ. மட்டுமே. மேலும் ஈட்டியின் எடை முழுவதும் முனைக்கு நேர் பின்னால் ஒரே கோட்டில் அமைந்துள்ளது. எனவே அது பக்கவாட்டில் சரிந்து ஆற்றலை இழப்பதில்லை. ஆணியின் பின்னே சுத்தியல் இருப்பதைப் போல அவ்வெடை முனையைத் தொடர்ந்து தள்ளுகிறது. சிறுவர்களின் மண்டையோடு பெரியவர்களுடையதைவிட மெல்லியது என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பயன்படுத்தும் முறையிலிருந்து எழும் ஆபத்துகளும் இதனுடன் சேர்கின்றன. கீழிருந்து மேலாக வீசும்போது ஈட்டியைக் கையிலிருந்து விடும் கணம் சற்றுப் பிந்தினால் ஏறுகோணம் பெரிதும் மாறிவிடும். ஈட்டி முன்னே செல்வதற்குப் பதிலாக உயரே செல்லும். எங்கே விழும் என்பது எறிந்தவருக்கே தெரியாது. சிறுவர்கள் இதனை வேண்டுமென்றே உயரே எறிந்து பார்ப்பதும் இயல்பு. மேல்நோக்கி எறிவது யாரையும் குறிவைக்காத செயலாகத் தோன்றுவதால், அதில் தீங்கு இருப்பதாக அவர்கள் உணர்வதில்லை. 10 மீட்டர் உயரம் சென்று திரும்பும் ஈட்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் தரையை அடைகிறது. மேலே சென்று திரும்ப அதற்கு ஏறத்தாழ 3 நொடிகள் ஆகும். எறியப்பட்ட கணத்தில் வெறுமையாக இருந்த இடத்திற்கு ஒரு குழந்தை ஓடி வந்து சேர அந்த நேரம் போதுமானது. மேலிருந்து தன்னை நோக்கி நேராக வரும் ஈட்டி, கீழே நிற்பவரின் கண்ணுக்கு ஒரு சிறு புள்ளியாகவே தெரியும்.

சிறகுகளின் பங்கே இங்கு முதன்மையானது. சிறகில்லாத ஒரு கோல் உயரே எறியப்பட்டால் சுழன்றபடி, பெரும்பாலும் பக்கவாட்டாக விழும். சிறகு அதனை நிமிர்த்தி, ஒவ்வொரு முறையும் முனையையே கீழே கொண்டுவருகிறது. முனை கீழே வராவிட்டால் ஈட்டி மண்ணில் குத்தி நிற்காது, ஆட்டமும் நடைபெறாது. ஆகவே இக்குறை தயாரிப்பில் நேர்ந்த பிழையோ, தரம் குறைந்த பொருளால் விளைந்ததோ அன்று. நன்றாகத் தயாரிக்கப்பட்ட ஈட்டியே கூடுதல் ஆபத்தானது.

1970ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி

1969இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட குழந்தைகள் பாதுகாப்பு மற்றும் பொம்மைப் பாதுகாப்புச் சட்டம், இயந்திர வகை ஆபத்து உடைய பொம்மைகளைத் தடை செய்யும் அதிகாரத்தை முதன்முறையாக அரசுக்கு வழங்கியது. அக்காலத்தில் இப்பொறுப்பு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் இருந்தது. 1970இல் அந்நிர்வாகம் எறியீட்டியைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக விற்பதைத் தடை செய்தது.

ஆனால் தயாரிப்பாளர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து அத்தடையில் ஒரு விலக்கும் இடம்பெற்றது. பெரியவர்களுக்கு மட்டுமான திறன் விளையாட்டு என்ற வகையில் எறியீட்டியைத் தொடர்ந்து விற்கலாம். அதற்கு, இது குழந்தைகளின் பொம்மை அன்று என்றும், கடுமையான அல்லது உயிரிழப்பு ஏற்படுத்தும் காயம் விளையலாம் என்றும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும் என்றும் அறிவிக்கும் எச்சரிக்கை அதில் இருக்க வேண்டும். பொம்மைக் கடைகளிலும், பெருங்கடைகளின் பொம்மைப் பிரிவுகளிலும் விற்கக் கூடாது. 1973இல் பணிகளைத் தொடங்கிய நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இவ்விதியை அப்படியே தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது.

அபாயத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட விதி இது. "உயிரிழப்பு ஏற்படலாம்" என்று அரசே எழுதச் சொன்ன பொருள் பற்றி அறியாமை இருந்ததாகக் கூற இயலாது. குறை வேறோர் இடத்தில் இருந்தது. எச்சரிக்கை, பொருளை வாங்குபவரிடம் பேசுகிறது. காயம் அடைபவரோ பெரும்பாலும் வாங்காதவர். பெட்டி கிழிந்து குப்பைக்குச் சென்ற பின்னும் ஈட்டி கொட்டகையில் பல ஆண்டுகள் கிடக்கும். அதனைக் கண்டெடுக்கும் சிறுவனுக்குப் பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. வாசிக்கத் தெரியாத வயதினருக்கு வாசகத்தால் பயனுமில்லை. கடைகளில் ஆணையம் நடத்திய சோதனைகளில், எச்சரிக்கை பற்றிய விதியும் விற்பனை இடம் பற்றிய விதியும் பல இடங்களில் பின்பற்றப்படவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது.

காயங்கள்

ஆணையத்தின் மதிப்பீட்டின்படி, தடைக்கு முந்தைய எட்டு ஆண்டு காலத்தில் சுமார் 6,100 பேர் எறியீட்டிக் காயங்களுக்காக அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குச் சென்றனர். இவர்களுள் 81 விழுக்காட்டினர் 15 அல்லது அதற்குக் குறைந்த வயதினர். ஏறத்தாழப் பாதிப்பேர் 10 வயதுக்கு மேற்படாதவர்கள். தலை, முகம், கண், காது ஆகிய பகுதிகளிலேயே காயங்கள் மிகுதியாக ஏற்பட்டன. பலருக்கு நிலையான பாதிப்பு எஞ்சியது. மூன்று குழந்தைகள் இறந்ததாக ஆணையம் பதிவு செய்துள்ளது.

பெரியவர்களுக்கு மட்டும் என்று 1970இல் வகைப்படுத்தப்பட்ட ஒரு பொருளால் காயமடைந்தோருள் ஐந்தில் நால்வர் சிறுவர் என்பதே இப்புள்ளிவிவரத்தில் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

ரிவர்சைடு நிகழ்வும் தடையும்

1987 ஏப்ரலில் கலிபோர்னியா மாநிலத்தின் ரிவர்சைடு நகரில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டின் பின்புறத்தில் சிறுவர்கள் எறிந்து விளையாடிக்கொண்டிருந்த ஈட்டி தலையில் பாய்ந்து உயிரிழந்தாள். அக்குடும்பம் எறியீட்டியைத் தேடி வாங்கியிருக்கவில்லை. கைப்பந்து விளையாடுவதற்காகத் தந்தை வாங்கிய பல விளையாட்டுகள் அடங்கிய தொகுப்பில் அதுவும் ஒன்றாக வந்திருந்தது. எச்சரிக்கை வாசகத்தைப் படித்து முடிவெடுக்கும் வாங்குபவர் என்ற, 1970ஆம் ஆண்டு விதி நம்பியிருந்த கற்பனை மனிதர் இங்கு இல்லை.

சிறுமியின் தந்தை தொடர்ந்து வாசிங்டன் சென்று, ஆணையத்திடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் முழுமையான தடையை வலியுறுத்தினார். தவறாகப் பயன்படுத்துவதே விபத்துக்குக் காரணம், எச்சரிக்கையைக் கடுமையாக்கினால் போதும் என்ற வாதம் மறுதரப்பில் முன்வைக்கப்பட்டது. இவ்வாதம் முற்றிலும் பொருளற்றது எனத் தள்ளத்தக்கது அன்று. சமையலறைக் கத்தியும் தவறாகப் பயன்படுத்தினால் கொல்லும். ஆனால் கத்தி செய்யும் வேலையை வேறொன்றால் செய்ய முடியாது. அதன் ஆபத்தும் பார்த்தவுடன் விளங்குவது. எறியீட்டிக்கு இவ்விரண்டும் பொருந்தவில்லை.

1988இல் அமெரிக்க நாடாளுமன்றம், எறியீட்டி தொடர்பான விதிகளைத் திருத்துமாறு ஆணையத்தைப் பணிக்கும் சட்டமொன்றை இயற்றியது. அதே ஆண்டின் இறுதியில் ஆணையம் தடை ஆணையை வெளியிட்டது. வெளிப்புறத்தில் பயன்படுத்துவதற்கான, நீண்ட முனை உடைய, காற்றில் எறிந்தால் முனை முதலில் தரையைத் தொடுமாறு வடிவமைக்கப்பட்ட எறியீட்டிகள் யாவும் அதன்படி தடை செய்யப்பட்ட பொருட்கள் ஆயின. பெரியவர்களுக்கான விலக்கு நீக்கப்பட்டது. வரையறை முனையின் கூர்மையைப் பற்றியதாக இல்லாமல், பொருள் எவ்வாறு தரையிறங்குகிறது என்பதைப் பற்றியதாக அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. வீட்டுக்குள் பலகையை நோக்கி எறியும் டார்ட் விளையாட்டு இத்தடைக்குள் வராது.

பிற பொம்மைகளுடன் ஒப்பீடு

அதே காலகட்டத்தில் அமெரிக்காவில் சிக்கலுக்கு உள்ளான வேறு இரு பொம்மைகளுடன் ஒப்பிட்டால், எறியீட்டியின் குறை எத்தகையது என்பது மேலும் விளங்கும்.

கிளாக்கர்ஸ் என்பது ஒரு கயிற்றின் இரு முனைகளிலும் கட்டப்பட்ட இரு கெட்டியான நெகிழி உருண்டைகள் ஆகும். கையை மேலும் கீழும் அசைத்தால் உருண்டைகள் மோதி ஒலி எழுப்பும். 1970களின் தொடக்கத்தில் பெரும் மோகமாகப் பரவிய இதில், மோதலின் வேகத்தில் உருண்டைகள் உடைந்து சிதறல்கள் முகத்திலும் கண்ணிலும் பாயும் ஆபத்து இருந்தது. உடையும் தன்மையுடையவை தடை செய்யப்பட்டன. குறித்த வலிமைச் சோதனைகளில் தேறியவை அனுமதிக்கப்பட்டன. 1976இல் விசுகான்சின் மாநிலத்தில் ஒரு சரக்கு கைப்பற்றப்பட்டது தொடர்பான வழக்கின் பெயர், "ஐக்கிய அமெரிக்கா எதிர் ஒவ்வொன்றிலும் ஒரு சோடி கிளாக்கர் உருண்டைகள் கொண்ட ஏறத்தாழ 50,000 அட்டைப்பெட்டிகள்" என்ற பொருள்படும். சரக்கே எதிர்வாதியாக நிறுத்தப்படும் அமெரிக்க வழக்கு முறையால் ஏற்பட்ட இப்பெயர், சட்ட மாணவர்களிடையே வேடிக்கையாக இன்றும் நினைவுகூரப்படுகிறது.

மற்றொன்று, பேட்டில்சிடார் கலாக்டிகா தொலைக்காட்சித் தொடரை ஒட்டி மாட்டெல் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விண்கலப் பொம்மை. அதிலிருந்து விசையால் பாயும் சிறு நெகிழி ஏவுகணை தொண்டையில் சிக்கி 4 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். நிறுவனம் பொம்மையைத் திரும்பப் பெற்று, ஏவுகணை பாயாதவாறு மாற்றியமைத்தது. 3 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளில் சிறு பாகங்களைத் தடை செய்யும் பொது விதி 1980 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளைக்குள் எந்தப் பாகமாவது முழுவதும் அடங்கினால் அப்பொம்மை தேறாது. குழந்தையின் தொண்டையை ஒத்த இவ்வெளிய கருவி பின்னர் வேறு நாடுகளிலும் பின்பற்றப்பட்டது.

கிளாக்கர்ஸின் குறை அது செய்யப்பட்ட பொருளில் இருந்தது. உடையாத நெகிழியால் அதனைத் திருத்தலாம். ஏவுகணையின் குறை அதன் அளவிலும் பாய்ச்சலிலும் இருந்தது, அவ்விரண்டையும் மாற்றலாம். இவ்விரு பொம்மைகளும் திருத்தத்திற்குப் பின்னும் அதே பொம்மைகளாகவே இருந்தன. எறியீட்டியில் குறையை நீக்கினால் ஈட்டியே மிஞ்சாது.

தடைக்குப் பின்

தடை ஆணை விற்பனை, தயாரிப்பு, இறக்குமதி ஆகியவற்றுக்கே பொருந்தியது. ஏற்கனவே வீடுகளில் இருந்தவற்றை வைத்திருப்பது குற்றமாக்கப்படவில்லை. இவ்வாறு எஞ்சிய ஈட்டிகள் பழைய பொருட்களுடன் கைமாறி வந்தன. 1997 மே மாதத்தில் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரில் 7 வயதுச் சிறுவன் ஒருவனின் மண்டையோட்டைத் துளைத்து எறியீட்டி மூளைக் காயம் ஏற்படுத்தியது. தடை விதிக்கப்பட்டபோது அச்சிறுவன் பிறந்திருக்கவில்லை. இதைத் தொடர்ந்து ஆணையம் தன் எச்சரிக்கையை மீண்டும் வெளியிட்டு, எஞ்சியுள்ள ஈட்டிகளைப் பிறருக்குக் கொடுக்காமல் அழித்துவிடுமாறு கேட்டுக்கொண்டது. வீட்டு முற்றங்களில் நடைபெறும் பழைய பொருள் விற்பனையில் இவற்றை விற்பதும் சட்டத்திற்குப் புறம்பானது.

கனடாவில் நீண்ட முனையுள்ள புல்வெளி எறியீட்டிகள் நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டத்தின் தடைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

புல்வெளி எறியீட்டி என்ற பெயரில் இன்று விற்கப்படுபவை வேறு வகையானவை. அவற்றில் நீண்ட முனை இல்லை. அடிப்பகுதி எடையூட்டப்பட்ட அகன்ற நெகிழிக் குமிழாக இருக்கும். தரையில் குத்தி நிற்பதற்குப் பதிலாக, விழுந்த இடத்தில் புல்லின் மீது அமர்ந்தோ சரிந்தோ கிடக்கும். வளையங்களும் புள்ளிக் கணக்கும் பெரும்பாலும் பழையபடியே உள்ளன.